லடாக் போகிறீர்களா? முதல் இரண்டு நாள் படுத்துத் தூங்குங்கள்!

போன மாதம் சங்கக் கூட்டம் முடிந்து எல்லோரும் காப்பி டம்ளரும் கையுமாக நின்று கொண்டிருந்தபோது, இந்தக் கோடை விடுமுறைக்கு லடாக் போகப் போவதாக மூன்று குடும்பத்தார் சொன்னார்கள். மூன்று குடும்பங்களிலும் ஊரிலிருந்து பெரியவர்கள் யாராவது வந்து சேர்ந்து கொள்கிறார்களாம். அவர்களில் ஒரு நண்பர் சட்டைப் பையிலிருந்து தம் பயணத் திட்டத்தை எடுத்துப் பெருமையோடு காட்டினார். முதல் நாள் காலை டெல்லியிலிருந்து விமானத்தில் லே. அன்று மாலையே ஊர் சுற்றல். மறுநாள் பாங்காங் ஏரி, இரவு அங்கேயே கூடாரத்தில். படித்து முடித்ததும் எனக்குக் காப்பி தொண்டையில் இறங்கவில்லை. 2017 ஜூன் மாதம் நான் போட்ட திட்டமும் அச்சு அசலாக இதுதான்.

அந்தத் திட்டத்தால் என் அக்கா கணவரை இழக்கும் நிலைக்குப் போய் மீண்டு வந்தோம். அதை எல்லோரிடமும் தனித்தனியாகச் சொல்லிக் கொண்டிருப்பதைவிட, நம் இதழிலேயே எழுதிவிடலாம் என்றுதான் இந்தக் கட்டுரை.

அந்த வருடம் அக்காவும் அத்தானும் மதுரையிலிருந்து வந்திருந்தார்கள். அத்தானுக்கு அப்போது வயது 59. சர்க்கரை இல்லை, ரத்த அழுத்தம் இல்லை, தினமும் விடியற்காலையில் ஆறு கிலோமீட்டர் நடக்கிறவர். எனக்கோ எல்.டி.சி.யில் ஐந்தே நாள் விடுப்பு. ஐந்து நாளுக்குள் எவ்வளவு இடம் பார்க்க முடியுமோ அவ்வளவையும் அடைத்து அட்டவணை போட்டேன். கூடாரத்துக்கு முன்பணமும் கட்டியாயிற்று. திரும்ப வராத பணம். இதை இங்கே குறிப்பிடுவதற்குக் காரணம் இருக்கிறது. பின்னால் யோசித்துப் பார்த்தால், எங்களைத் துரத்தியது அந்த முன்பணம்தான்.

காலை எட்டு மணிக்கு லேயில் இறங்கினோம். டெல்லி கடல் மட்டத்திலிருந்து சுமார் 700 அடி. லே 11,500 அடி. ஒன்றரை மணி நேரத்துக்குள் இவ்வளவு உயரம்! விமான நிலையத்திலேயே ஒலிபெருக்கியில் 'ஓய்வெடுங்கள், ஓய்வெடுங்கள்' என்று சொல்லிக் கொண்டுதான் இருந்தார்கள். கேட்டோமா? மதியம் சாப்பிட்டுவிட்டு சாந்தி ஸ்தூபிக்குக் கிளம்பினோம். வண்டி மேலேயே போகும். ஆனால் அத்தான், "பழனி மலைப் படி ஏறினவனுக்கு இதெல்லாம் ஒரு படியா மாப்பிள்ளை?" என்று அந்த ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகளை நடந்தே ஏறினார். என்னைவிட வேகமாக ஏறினார் என்பதையும் சொல்ல வேண்டும்.

மறுநாள் காலை வண்டியில் ஏறியதும் உள்ளே அமிர்தாஞ்சன் வாசனை. நான் அதைப் பொருட்படுத்தவே இல்லை. நம் வீட்டுப் பெரியவர்கள் பிரயாணம் என்றால் அமிர்தாஞ்சன் தடவிக் கொள்வது வழக்கம்தானே? இரவெல்லாம் அவருக்கு மண்டை பிளந்திருக்கிறது, தூக்கமே இல்லை, காலையில் இரண்டு தலைவலி மாத்திரை போட்டுக் கொண்டிருக்கிறார். காலை உணவை அவர் தொடாததை அக்கா கவனித்தாளாம். கேட்டதற்கு, "ரொட்டி பிடிக்கலை" என்று சொல்லிவிட்டாராம். இவ்வளவும் எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

லேயிலிருந்து பாங்காங் போக சாங் லா என்ற கணவாயைத் தாண்ட வேண்டும். 17,500 அடிக்கு மேல். பனியில் நின்று போட்டோ எடுத்துக் கொண்டோம். அத்தான் வண்டியை விட்டு இறங்கவில்லை. மாலை ஏரிக் கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது நாங்கள் எல்லோரும் அந்த நீலத்தைப் பார்த்து வாயடைத்து நின்றோம். ஏரியே சுமார் 14,000 அடி உயரத்தில் இருக்கிறது. அத்தான் கூடாரத்துக்குள் போய்ப் படுத்துவிட்டார்.

இரவு பதினொரு மணிக்கு அக்கா என்னை எழுப்பினாள். "படுத்தா மூச்சு முட்டுதுங்கிறார்டா. உட்கார்ந்தே இருக்கார். இருமல் நிக்கலை." போய்ப் பார்த்தேன். நெஞ்சுக்குள் தண்ணீர் கொதிப்பது போல ஒரு சத்தம். உதடு நீலம் பாய்ந்திருந்தது. வெளியே அழைத்துப் போகலாம் என்று எழுப்பினால், குடித்தவரைப் போலத் தள்ளாடினார். அதற்கும் மேலாக என்னைப் பார்த்து, "மாட்டுத்தாவணி பஸ் போயிருச்சா?" என்று கேட்டார். அவருக்குத் தாம் எங்கே இருக்கிறோம் என்பதே தெரியவில்லை.

எங்கள் ஓட்டுநர் ஒரு லடாக்கிக்காரர், ஐம்பது வயதிருக்கும். அவரை எழுப்பினேன். அத்தானை ஒரு பார்வை பார்த்தார். நான் "காலையில் போகலாமா?" என்று இழுத்தபோது, "காலை வரைக்கும் வைத்திருக்கக் கூடாது. இப்போதே" என்று சொல்லிவிட்டு வண்டியைச் சூடாக்கப் போய்விட்டார்.

இங்கேதான் வரைபடத்தைப் பார்த்தும் எனக்குப் புரியாமல் போன ஒரு விஷயம் இருக்கிறது. உயரத்தால் வரும் நோய்க்கு முதல் மருந்து கீழே இறங்குவது. ஆனால் பாங்காங்கிலிருந்து லேக்கு இறங்க வேண்டுமென்றால், முதலில் சாங் லாவுக்கு ஏற வேண்டும்! மூச்சு விட முடியாதவரை இன்னும் மூவாயிரம் அடிக்கு மேல் ஏற்றித்தான் இறக்க முடியும். ஓட்டுநர் அந்தத் தவறைச் செய்யவில்லை. ஏரியைவிடத் தாழ்வில் இருக்கிற டாங்சே என்ற ஊருக்கு முதலில் விட்டார். அங்கிருந்த சிறிய அரசு மருத்துவ நிலையத்தில் இரவு முழுவதும் ஆக்சிஜன் கொடுத்தார்கள், ஊசி போட்டார்கள். பொழுது விடிந்த பிறகு ஒரு சிலிண்டரையும் வண்டியில் ஏற்றிக் கணவாயைக் கடந்தோம். சாங் லா உச்சியில் ராணுவத்தார் வண்டியைப் பார்க்க வந்தபோது, எங்கள் பேச்சைக் கேட்டு ஒரு சிப்பாய் ஓடி வந்தார். திருநெல்வேலிப் பேச்சு. "இங்க நிக்காதீங்க அண்ணே. டீயெல்லாம் வேண்டாம். இறங்குங்க, இறங்குங்க" என்று கையை வீசி அனுப்பி வைத்தார். பெயரைக்கூடக் கேட்கவில்லை.

லே மருத்துவமனையில் டாக்டர் நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது என்றார். என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "ஏரிக்குப் போகும் முன் லேயில் எத்தனை இரவு தங்கினீர்கள்?" ஒன்று என்றேன். அதை எழுதிக் கொண்டார். வேறு எதுவும் சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். மூன்று நாள் கழித்து டெல்லி வந்து இறங்கியபோது, அத்தான் விமான நிலையத்திலேயே ஒரு தட்டு இட்லி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

ஏன் தலைவலியைச் சொல்லவில்லை என்று அக்கா பிறகு கேட்டதற்கு அவர் சொன்ன பதில்: "பிள்ளைகள்லாம் எவ்வளவு ஆசையா வந்திருக்காங்க. என்னால கெட வேண்டாம்னுதான்." நம் குடும்பங்களில் பெரியவர்கள் எல்லோரும் இப்படித்தான். அடுத்தவருக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது என்பது நமக்கு ரத்தத்தில் ஊறியது. மற்ற ஊர்களில் அது நல்ல குணம். லேயில் அது ஆபத்து. ஆகவே லடாக்கில் இருக்கும் வரை தினமும் காலையிலும் இரவிலும் ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து கேளுங்கள்: தலை வலிக்கிறதா, சாப்பிட்டாரா, வாந்தி வருகிறதா, தூங்கினாரா? "ஒண்ணுமில்லை" என்ற பதிலை ஏற்க வேண்டாம். சாப்பிட்ட தட்டைப் பாருங்கள். அமிர்தாஞ்சன் டப்பா எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள்!

இது ஏன் வருகிறது என்று கொஞ்சம் தெரிந்து கொண்டால் நல்லது. மேலே போனால் காற்றில் ஆக்சிஜனின் விகிதம் குறைவதில்லை. காற்றின் அழுத்தம்தான் குறைகிறது. லேயில் ஒவ்வொரு மூச்சிலும் கடலோரத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஆக்சிஜன்தான் கிடைக்கும். கணவாய்களின் உச்சியில் பாதிக்குச் சற்று மேல். உடம்பு இதற்குப் பழகிக் கொள்ளும். வேகமாக மூச்சு விடும், சிறுநீர் அதிகம் போகும், ரத்தத்தில் மாறுதல் வரும். ஆனால் அதற்குச் சில நாட்கள் வேண்டும். நடைப்பயிற்சியோ, யோகாசனமோ, இளமையோ அந்த நாட்களைக் குறைத்துத் தராது. சொல்லப் போனால் திடகாத்திரமான இளைஞர்கள்தான் தைரியத்தில் வேகமாக ஏறி மாட்டிக் கொள்கிறார்கள்.

லேசான தலைவலி, பசியின்மை, களைப்பு, தூக்கமின்மை ஆகியவை பலருக்கும் முதல் நாள் வரும். அதே உயரத்தில் ஓய்வெடுத்தால் ஓரிரு நாளில் போய்விடும். அது போகாமல் மேலே ஏறவே கூடாது. ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், இருமல் விடாமல் வந்தால், சளி நுரையாகவோ இளஞ்சிவப்பாகவோ வந்தால் அது நுரையீரலைத் தாக்கிவிட்டது. பேச்சு குழறினால், நடை தள்ளாடினால் மூளையைத் தாக்கிவிட்டது. சந்தேகமாக இருந்தால், தரையில் ஒரு கோட்டின் மேல் குதிகாலும் கட்டை விரலும் ஒட்ட அடி வைத்து நடக்கச் சொல்லுங்கள். நடக்க முடியவில்லை என்றால் பிறகு யோசனையே வேண்டாம். இரவானாலும் இறங்குங்கள், ஆக்சிஜனும் மருத்துவரும் தேடுங்கள். இரவில் பக்கத்தில் படுத்திருப்பவரின் மூச்சு சில நொடி நின்று பிறகு வேகமாக வருவதைக் கேட்டுப் பயந்து போகாதீர்கள். அந்த உயரத்தில் தூங்கும்போது அது பலருக்கும் நடப்பதுதான்.

இப்போது கொரோனா காலத்துக்குப் பிறகு விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் இல்லாத வீடே இல்லை. கொண்டு போங்கள், ஆனால் அதையே நம்பாதீர்கள். லேயில் முதல் நாள் நன்றாக இருப்பவருக்கும் 90க்குக் கீழே காட்டும். விரல் சில்லிட்டிருந்தால் தப்பாகவும் காட்டும். எண்ணைவிட ஆளைப் பாருங்கள்.

கற்பூரத்தைத் துணியில் முடிந்து முகர்ந்து கொண்டே வருகிறவர்கள் நிறையப் பேர். கற்பூரம் மூக்கைத் திறந்தது போலத் தோன்றும். ரத்தத்தில் ஆக்சிஜனை ஏற்றாது. அதை பூஜைக்கு வைத்துக் கொள்ளுங்கள். கடைகளில் விற்கும் சின்ன ஆக்சிஜன் டப்பா சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். அதைக் கையில் வைத்திருக்கிற தைரியத்தில் மேலே ஏறுவதுதான் கெடுதல். வண்டியில் உண்மையான சிலிண்டர் இருக்கிறதா, அது நிரம்பியிருக்கிறதா என்று ஓட்டுநரிடம் கேட்டு, திறந்து பார்த்துக் கொள்ளுங்கள். அசெட்டசோலமைடு (கடையில் 'டயமாக்ஸ்') என்ற மாத்திரை உடம்பு பழகுவதை விரைவுபடுத்தும். பயணத்துக்கு முதல் நாளே தொடங்க வேண்டியது. சல்ஃபா மருந்து ஒத்துக் கொள்ளாதவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் இருக்கிறார்களே, ஆகவே உங்கள் டாக்டரைக் கேட்காமல் போடாதீர்கள். விரல் நுனி மரத்துப் போகும், அடிக்கடி பாத்ரூம் போக வேண்டி வரும். தூக்க மாத்திரையும் மதுவும் வேண்டவே வேண்டாம். இதய நோயாளிகள், கர்ப்பிணிகள், நெஞ்சுச் சளியோடு இருப்பவர்கள் டாக்டர் சரி என்றால் மட்டும் புறப்படலாம். கைக்குழந்தைகளை நானாக இருந்தால் அழைத்துப் போக மாட்டேன். தலை வலிக்கிறது என்று அதற்குச் சொல்லத் தெரியாது.

சரி, எப்படித்தான் போவது? விமானத்தில் போனால் லேயில் குறைந்தது இரண்டு முழு நாள், பெரியவர்கள் இருந்தால் மூன்று நாள் சும்மா இருங்கள். முதல் நாள் அறையை விட்டே வெளியே வராதீர்கள். இரண்டாம் நாள் கடைத்தெரு வரை மெல்ல நடக்கலாம். மூன்றாம் நாள் ஷே, திக்ஸே மடங்களுக்கு வண்டியில் போகலாம். சிந்து நதிக் கரையில் உட்காரலாம். இதற்கெல்லாம் இடமில்லாமல் ஐந்து நாள்தான் விடுப்பு என்றால், அந்த ஐந்து நாளும் லேயைச் சுற்றியே பாருங்கள். ஆல்ச்சி மடத்தின் பழைய சுவரோவியங்களைப் பார்க்க ஒரு நாள் போதாது. அது லேயைவிடத் தாழ்வான இடம் வேறு.

சாலை வழியில் ஸ்ரீநகர் பக்கமே சிறந்தது என்பது என் அபிப்பிராயம். ஸ்ரீநகர் 5,200 அடி, கார்கில் சுமார் 8,800 அடி, பிறகு லே. படிப்படியாக ஏறுகிறது. நடுவில் கணவாய்கள் உண்டு. ஆனால் கடந்து இறங்கி விடுகிறோம். எந்த உயரத்தைக் கடக்கிறோம் என்பதைவிட எந்த உயரத்தில் தூங்குகிறோம் என்பதுதான் முக்கியம். பத்தாயிரம் அடிக்கு மேல் போன பிறகு, தூங்கும் இடத்தை ஒரு நாளைக்கு 1,500 அடிக்கு மேல் உயர்த்தாதீர்கள். மணாலி வழி காட்சிக்கு ஈடு இணையில்லை. 2020 அக்டோபரில் அடல் சுரங்கப்பாதை திறந்த பிறகு ரோத்தாங் கணவாயின் தொல்லையும் இல்லை. ஆனால் அதில் சர்ச்சு என்ற இடத்தில் 14,000 அடியில் கூடாரத்தில் படுக்க வைத்து விடுவார்கள். அதற்குப் பதில் கேலாங்கிலோ ஜிஸ்பாவிலோ இரண்டு இரவு தங்குங்கள்.

இரண்டு சாலைகளுமே குளிர்காலப் பனியில் அடைபடக் கூடியவை. ஜூன் முதல் செப்டம்பர் வரை பாதுகாப்பான காலம். எல்லைப் பகுதி என்பதையும் மறக்காதீர்கள். 2025 மே மாதத்தில் லே உட்படப் பல விமான நிலையங்கள் சில நாட்கள் மூடப்பட்டன. அதே ஆண்டு செப்டம்பரில் லே நகரில் ஊரடங்கு இருந்தது. புறப்படும் வாரத்தில் விசாரித்துக் கொள்ளுங்கள். வானிலை சரியில்லை என்றால் விமானம் ரத்தாகும். லேயிலிருந்து வந்து இறங்கிய அன்றே சென்னைக்கு ரயில் பிடிக்கிற மாதிரி டிக்கெட் போடாதீர்கள்.

லேக்குப் பிறகு எங்கே? முதலில் நூப்ரா, பிறகுதான் பாங்காங். நூப்ராவுக்குப் போக கர்துங் லாவைக் கடக்க வேண்டும். அங்கே நெடுங்காலம் 18,380 அடி என்று பலகை இருந்தது. அளந்தவர்கள் 17,582 அடி என்கிறார்கள். நம் நுரையீரலுக்கு இந்த வித்தியாசமெல்லாம் தெரியாது. பதினைந்து நிமிடத்துக்கு மேல் நிற்காதீர்கள். இறங்கிப் போய்த் தூங்குகிற டிஸ்கிட், ஹுண்டர் ஊர்கள் லேயைவிடத் தாழ்வானவை, சுமார் பத்தாயிரம் அடி. அங்கே மணல் மேடுகளும் இரட்டைத் திமில் ஒட்டகங்களும் உண்டு. யார்க்கண்டுக்குப் போய் வந்த வணிகர் கூட்டங்களின் ஒட்டகங்களுடைய வம்சம் அவை. பாங்காங்கில் இரவு தங்கியே தீர வேண்டும் என்றால் அதைப் பயணத்தின் கடைசிக்கு வையுங்கள். நூப்ராவிலிருந்து ஷ்யோக் ஆற்றோரமாக நேரே பாங்காங் போகிற பாதையில், பிற்பகலில் பனி உருகி ஓடைகளில் வெள்ளம் ஏறும். காலையிலேயே கடந்துவிட வேண்டும்.

இந்தியர்களுக்கு இந்த எல்லைப் பகுதிகளுக்கான அனுமதிச் சீட்டு 2021 ஆகஸ்டில் நீக்கப்பட்டது. சுற்றுச்சூழல் கட்டணம் செலுத்திய ரசீதும் அடையாள அட்டையும் சோதனைச் சாவடியில் காட்ட வேண்டியிருக்கும். இந்த விதிகள் மாறிக் கொண்டே இருப்பவை. போய் இறங்கியதும் கேட்டுக் கொள்ளுங்கள். ரசீதை நாலைந்து நகல் எடுத்து வைத்துக் கொண்டால் நல்லது. வாடகை வண்டிக்கு அங்குள்ள டாக்சி சங்கம் கட்டணப் பட்டியல் போட்டிருக்கிறது. அதைப் பார்த்த பிறகு பேரம் பேசத் தேவையில்லை. டெல்லி 'ப்ரீபெய்ட்' சிம் அங்கே வேலை செய்யாது, 'போஸ்ட்பெய்ட்' வேண்டும். சிக்னல் இல்லாத இடத்தில் போனில் பணம் அனுப்புவதும் நடக்காது. ஆகவே ரொக்கம் லேயிலேயே எடுத்துக் கொள்ளுங்கள்.

குளிர் ஆடை நம்மிடம் இருக்கும்; ஊரிலிருந்து வருகிறவர்களிடம் இருக்காது. டிசம்பர் மாத டெல்லி ஸ்வெட்டர்களை எடுத்துக் காயப் போடுங்கள். பகலில் வெயில் தோலை உரிக்கும். நிழலுக்குப் போனால் குளிர் நடுக்கும். கறுப்புக் கண்ணாடி, முகக் களிம்பு, மங்கிக் குல்லாய் மூன்றும் ஒரே பையில் இருக்க வேண்டிய ஊர் அது ஒன்றுதான்.

அது பாலைவனம் என்பதை நம்மவர்கள் மறந்து விடுகிறார்கள். பனிமலை தெரிவதால் தண்ணீர் நிறைய இருக்கும் என்று நினைப்பு. லேயில் ஆண்டு முழுவதும் பெய்வது சுமார் 10 சென்டிமீட்டர் மழை. சென்னையில் ஒரே இரவில் அதைவிட அதிகம் பெய்திருக்கிறது. உருகி வரும் பனித் தண்ணீரில்தான் பார்லி வயலும் நம் குளியலும். அரை வாளியில் குளிக்கப் பழகிக் கொள்ளுங்கள். கிராமத்து வீடுகளில் தண்ணீரே இல்லாத கழிப்பறை இருக்கும். மண் போட்டு மூடுவார்கள், பிறகு அது வயலுக்கு உரம். அருவருக்க ஒன்றுமில்லை. மழை குறைவான ஊர் என்றாலும், 2010 ஆகஸ்டில் மேகவெடிப்பால் வந்த வெள்ளம் லே வட்டாரத்தில் இருநூறு பேருக்கு மேல் உயிரைப் பறித்தது. ஓடைப் படுகையில் கூடாரம் போடாதீர்கள்.

சாப்பாட்டு விஷயத்துக்கு வருகிறேன், பலரும் இதைத்தான் எதிர்பார்த்திருப்பீர்கள். லேயில் தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். பாங்காங்கில் 86. எவ்வளவு நேரம் கொதித்தாலும் அதற்கு மேல் சூடு ஏறாது. சாதம் நடுவில் அரிசியாகவே நிற்கும், பருப்பைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அந்த ஊரில் குக்கர் இல்லாத சமையலறை இல்லாததன் காரணம் இதுதான். மூன்று லிட்டர் குக்கர் ஒன்றை விமானத்தில் போடும் பெட்டியில் வைத்துக் கொண்டு போங்கள். கேஸ் சிலிண்டர் மட்டும் விமானத்தில் விட மாட்டார்கள். சிறிய விடுதிகளில் கேட்டால் அடுப்பைத் தருகிறார்கள். அவர்களுடைய 'ஜூலே' என்ற ஒரு சொல் வணக்கத்துக்கும் நன்றிக்கும் போய் வருகிறேன் என்பதற்கும் போதும். அந்த ஒரு சொல்லையும் சிரித்த முகத்தையும் வைத்தே நாங்கள் ரசம் வைத்துவிட்டோம். வயிறு சரியில்லாத நாளில் ரசம் சாதத்துக்கு மாற்று இல்லை. அங்கே கிடைக்கும் பூண்டு சூப்பும் நம் ரசத்துக்கு அக்கா தங்கை மாதிரிதான்.

'நாங்கள்' என்றேன் அல்லவா? ஆம், 2023 செப்டம்பரில் மறுபடி போனோம். அத்தானும் வந்தார். ஒரு முறை நுரையீரலில் நீர் கோத்தவருக்கு மறுபடியும் வர வாய்ப்பு அதிகம் என்பதால், நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். மதுரையில் இதய, நுரையீரல் டாக்டர்கள் இருவரிடமும் போய் எழுதி வாங்கி, தடுப்பு மருந்தோடு வந்து நின்றார். இந்த முறை அட்டவணையை அக்காவே போட்டாள். பன்னிரண்டு நாள். ஸ்ரீநகரில் இரண்டு இரவு, கார்கிலில் இரண்டு, ஆல்ச்சியில் இரண்டு. வழியில் திராஸ் போர் நினைவிடத்தில், 1999 போரில் படாலிக்கில் உயிர் நீத்த திருச்சி மேஜர் சரவணனின் பெயரைத் தேடிக் கண்டுபிடித்து வெகு நேரம் நின்றோம். நான்தான் கிளம்பலாமா என்று கேட்டுத் திட்டு வாங்கினேன்.

லேயில் மூன்று நாள் இருந்தோம். தினமும் காலையில் அத்தான் தாமாகவே அறிக்கை வாசிப்பார்: "தலைவலி இல்லை. தோசை மூணு. தூக்கம் ஆறு மணி நேரம்." கர்துங் லாவில் வண்டியை நிறுத்தவே இல்லை. ஹுண்டரில் மணல் மேட்டின் அடியில் உட்கார்ந்து, ஒட்டகக்காரரிடம் தமக்குத் தெரிந்த பத்து இந்திச் சொற்களை வைத்துக் கொண்டு ஒரு மணி நேரம் பேசிக் கொண்டிருந்தார். பாங்காங் போகவில்லை. அங்கே ஏதாவது ஆனால் ஏறித்தான் இறங்க வேண்டும் என்பதை நாங்கள் யாரும் மறக்கவில்லை. "ஏரியை நான் சரியா பார்க்கவே இல்லையே அத்தான், நீங்களும்தான்" என்றேன். "படத்துல பாத்துக்கலாம் மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டார்.

சட்டைப் பையில் திட்டம் வைத்திருந்த நண்பர் நேற்று போன் செய்தார். கூடார முன்பணம் போனால் போகட்டும் என்று விட்டுவிட்டாராம். பாங்காங்கை எடுத்துவிட்டு ஆல்ச்சியைச் சேர்த்திருக்கிறார். முதல் இரண்டு நாளுக்கு எதிரே 'தூக்கம்' என்று எழுதியிருக்கிறாராம். குக்கர்தான் அவர் வீட்டில் பெரியதாக இருக்கிறதாம். என் மூன்று லிட்டர் குக்கரை அவருக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். அவர் திரும்பிய பிறகு வேறு யாருக்கு வேண்டுமானாலும் வாங்கிக் கொள்ளலாம். வெயிட்டை மட்டும் தொலைத்து விடாதீர்கள்.